பணிவும் பணியும்
பாதம் கழுவிய மரபின் வரலாறு

தமிழில் 'பணி' என்னும் சொல் இரு பொருள் தருவது. வினையாகக் கொண்டால் வணங்கு, தாழ் என்று பொருள்படும். பெயராகக் கொண்டால் தொண்டு, வேலை என்று பொருள்படும். பணிகிறவனே பணி செய்ய வல்லவன் என்பதை நம் முன்னோர் தனியே ஒரு நூலெழுதி விளக்கவில்லை. ஒரு சொல்லுக்குள்ளேயே பொதிந்து வைத்துவிட்டனர். கிறித்தவ சமயம் தன் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றில் மீண்டும் மீண்டும் கற்றும் மறந்தும் மறுபடி கற்றும் வந்த பாடம் இந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றை ஒரே ஒரு செயலின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கம். பிறர் பாதத்தைக் கழுவுதல் என்பதே அச்செயல்.

தமிழ் மரபில் அடியின் சிறப்பு

பாதத்திற்குத் தமிழ் இலக்கியம் தந்துள்ள இடம் பெரிது. திருக்குறளின் முதல் அதிகாரத்தில் உள்ள பத்துக் குறள்களில் ஏழு, இறைவனின் அடியையோ தாளையோ பேசுகின்றன. பக்தர்களுக்கு 'அடியார்' என்பதே பெயர். பெரியோர் முன் தன்னைக் குறிக்கும் சொல்லும் 'அடியேன்' என்பதே. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலன் மதுரை நகருள் செல்வதற்கு முன் உண்ட கடைசி உணவின்போது, கண்ணகி அவன் அடிகளை நீர்கொண்டு கழுவித் தொழுகிறாள். அவ்வுணவுக்குப் பின் அவன் திரும்பி வரவில்லை என்பதை அறிந்த நாம் அந்த வரிகளைக் கண்ணீரின்றிப் படிக்க இயலாது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்விடங்களிலெல்லாம் பணிவு ஒரே திசையில் செல்கிறது. பக்தன் இறைவனைப் பணிகிறான். மனைவி கணவனின் அடியைக் கழுவுகிறாள். குடிகள் வேந்தனின் தாளை வணங்குகின்றனர். தாழ்ந்தவராகக் கருதப்பட்டவர் உயர்ந்தவராகக் கருதப்பட்டவரை நோக்கிக் குனிவதே உலக வழக்கு.

அவ்வழக்கைப் புரட்டிக் காட்டிய ஒருவரைப் பெரியபுராணம் நமக்குக் காட்டுகிறது. அவர் பெண்ணாகடத்துக் கலிக்கம்ப நாயனார். சிவனடியார்களை வீட்டிற்கு அழைத்துப் பாதம் கழுவி அமுது படைப்பது அவர் வழக்கம். ஒருநாள் வந்த அடியார்களுள் ஒருவன், முன்பு அவர் வீட்டிலேயே ஏவல் செய்து பின் விலகிச் சென்றவன். நீர் வார்க்க வேண்டிய மனைவியார் அவனை அடையாளம் கண்டு தயங்கினார். நாயனாரோ தயங்கவில்லை. மனைவியின் கையை வெட்டிவிட்டுத் தாமே நீர் வார்த்துக் கழுவினார் என்பது கதை. அக்கடுமை இன்றைய நம் மனத்திற்கு ஏற்புடையதன்று. ஆனால் அக்கதை எழுப்பும் வினா கூர்மையானது. யாருடைய கால் என்று பார்த்துக் கழுவுவதா தொண்டு? நேற்றுவரை நமக்கு ஏவல் செய்தவன் முன் இன்று நம்மால் குனிய முடியுமா? இதே வினாவை எருசலேம் நகரின் ஒரு மேலறையில் எழுப்பியவர் இயேசு பெருமான்.

மேலறையில் ஓர் இரவு

அக்கால யூத, உரோம உலகில் மக்கள் செருப்பணிந்து புழுதிச் சாலைகளில் நடந்தனர். விருந்துக்கு வந்தவரின் கால்களைக் கழுவுவது வீட்டு அடிமையின் வேலை. அடிமையாயினும் அவன் எபிரேயனாக இருந்தால் அவனை அவ்வேலைக்குக் கட்டாயப்படுத்தலாகாது என்று யூத அறிஞர் மரபில் ஒரு விளக்கம் உண்டு. அத்துணை இழிவாக அவ்வேலை கருதப்பட்டது.

இயேசு தம் சீடரோடு உண்ட கடைசி இரவுணவை நான்கு நற்செய்தியாளரும் எழுதியுள்ளனர். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் அப்பமும் கிண்ணமும் பகிரப்பட்டதைச் சொல்கின்றனர். யோவான் அதைச் சொல்லவில்லை. அவ்விடத்தில் பாதம் கழுவிய நிகழ்ச்சியை விரிவாகத் தருகிறார். போதகர் பந்தியிலிருந்து எழுகிறார். மேலாடையைக் கழற்றி வைக்கிறார். துண்டொன்றை இடுப்பில் கட்டுகிறார். பாத்திரத்தில் நீர் வார்த்துச் சீடரின் கால்களைக் கழுவித் துடைக்கிறார். அதே இரவில் தங்களுள் யார் பெரியவர் என்று சீடர்கள் வழக்காடிக் கொண்டிருந்தனர் என்பதை லூக்கா எழுதியுள்ளார். இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் படிக்கும்போதே அந்த நீர்ப்பாத்திரத்தின் பொருள் முழுமையாக விளங்கும்.

இந்நிகழ்ச்சியில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முதலாவது, பேதுருவின் மறுப்பு. தம் தலைவர் தம் காலைத் தொடுவதை அவரால் பொறுக்க இயலவில்லை. பிறருக்குத் தொண்டு செய்வது எளிது; பிறர் தொண்டை ஏற்பதற்கும் ஒரு பணிவு வேண்டும் என்பது அங்கே புலப்படுகிறது. இரண்டாவது, காட்டிக் கொடுக்கப் போகிற யூதாசும் அவ்வறையில் இருந்தான். அவன் எழுந்து சென்றது கழுவுதல் முடிந்த பிறகே; ஆகவே அவன் கால்களும் கழுவப்பட்டன. மூன்றாவது, கழுவி முடித்த பின் இயேசு தம்மைப் போதகரும் ஆண்டவருமல்லர் என்று சொல்லவில்லை. அந்நிலையில் இருந்துகொண்டே இதைச் செய்தமையால் நீங்களும் ஒருவருக்கொருவர் செய்யக் கடமைப்பட்டவர்கள் என்றார். தகுதியை மறைப்பது பணிவாகாது. தகுதியைப் பிறர் பயனுக்காகத் தரையில் இறக்கி வைப்பதே பணிவு.

பணிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் இலத்தீன் சொல்லும் அதற்கு முன் பெரும்பாலும் இழிவையே குறித்தன. தாழ்ந்த பிறப்பினன், அற்பன் என்பதே அவற்றின் பொருள். 'ஹ்யூமிலிடாஸ்' என்னும் இலத்தீன் சொல் மண்ணைக் குறிக்கும் 'ஹ்யூமஸ்' என்பதோடு உறவுடையது. மண்ணோடு மண்ணாகக் கிடப்பவனைச் சுட்டிய வசைச்சொல், பின்னர் நற்பண்பின் பெயராயிற்று. சொல்லின் இம்மாற்றமே ஒரு சமூக மாற்றத்தின் சான்று எனலாம்.

பந்தி பரிமாறிய எழுவர்

எருசலேமில் தொடக்கத் திருச்சபை வளர்ந்தபோது எழுந்த முதல் உட்பூசல் கோட்பாட்டைப் பற்றியதன்று, சோற்றைப் பற்றியது. அதை அப்போஸ்தலர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. சபையின் விதவையருக்கு நாள்தோறும் உணவு பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர்களுள் கிரேக்கம் பேசியவர்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. யூதேயாவுக்கு வெளியே, பிற நாட்டு நகரங்களில் வாழ்ந்த யூதர்களின் வழி வந்தவர்கள் இவர்கள். தாய்நாட்டிலேயே வேற்றுமொழிக்காரராக நின்றவர்கள். இனத்தால் ஒன்றாயினும் மொழியால் ஓரத்தில் நிற்கும் நிலை என்னவென்பதை, மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஊருக்குத் திரும்பும்போது நம் பிள்ளைகள் பேசும் தமிழைக் கேட்டு உறவினர் நகைப்பதை நாமும் கண்டவர்கள்தாமே!

முறையீட்டைக் கேட்ட அப்போஸ்தலர் அதைப் புறங்கூற்று என்று தள்ளிவிடவில்லை. பந்தி பரிமாறும் பொறுப்புக்கு எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்தனர். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறை சொன்ன கூட்டத்தாரிடமே பொறுப்பை ஒப்படைத்தனர் என்று கொள்ள இடமுண்டு. திருச்சபையில் 'டீக்கன்' என்று வழங்கும் பதவிக்கு இந்நிகழ்ச்சியையே தொடக்கமாகக் காட்டுவது மரபு. அப்பெயரின் கிரேக்க மூலத்திற்குப் பணியாளன், பந்தியில் பரிமாறுபவன் என்பதே பொருள். தமிழ்க் கிறித்தவர் வழங்கும் 'ஊழியம்' என்ற சொல்லிலும் அதே மணம் வீசுகிறது.

மடங்களும் மன்னர்களும்

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு மோந்தே காசினோவில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு ஓர் ஒழுங்குநூல் வகுத்தார். அதில் அடுக்களை வேலை எல்லாத் துறவியருக்கும் முறைவைத்துப் பங்கிடப்பட்டது. வாரத்தின் முடிவில், வேலையை முடிப்பவரும் அடுத்து ஏற்பவரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவ வேண்டும். மடத்திற்கு வரும் விருந்தினரின் கால்களை மடத்தலைவரும் மற்றத் துறவியரும் கழுவ வேண்டும். ஏழைகளையும் வழிப்போக்கரையும் சிறப்பாகக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு ஒரு காரணமும் காட்டுகிறார் பெனடிக்ட். செல்வரிடம் நமக்குள்ள அச்சமே அவர்களுக்கு உரிய மரியாதையைப் பெற்றுத் தந்துவிடும் என்பது அவர் கருத்து. மனித இயல்பை எத்துணை நுட்பமாக அறிந்தவர்! அதே நூற்றாண்டின் இறுதியில், 590இல் போப்பாண்டவரான முதலாம் கிரகோரி, தம்மை இறைவனின் ஊழியர்களுக்கு ஊழியன் என்று குறித்துக்கொண்டார். அது இன்றும் போப்பாண்டவரின் பட்டங்களுள் ஒன்று.

ஆனால் பட்டமாகிவிட்ட பணிவுக்கு ஓர் ஆபத்து உண்டு. அது சடங்காகிவிடும். இங்கிலாந்து அரசரின் பெரிய வியாழன் வழக்கம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1213ஆம் ஆண்டு ஜான் மன்னர் ரோச்செஸ்டர் நகரில் 13 ஏழைகளுக்குத் தலைக்கு 13 பென்னி வழங்கினார். அரசர்கள் அந்நாளில் ஏழைகளின் கால்களைக் கழுவும் வழக்கமும் நிலவியது. முதலாம் எலிசபெத் அரசியார் காலத்தில் அது எவ்வாறு நடந்தது என்பதற்கு நேரில் கண்டவரின் குறிப்பு உண்டு. முதலில் அரண்மனைச் சலவைப் பணியாளர் வெந்நீரும் நறுமலர்களும் கொண்டு அவ்வேழைகளின் கால்களைக் கழுவினர். பின்னர் அறப்பணி அலுவலர் இருவர், ஒருவர் பின் ஒருவராக, மறுபடியும் கழுவினர். நான்காவதாகவே அரசியார் கழுவினார். கழுவிய காலைக் கழுவுவதற்கு எத்துணை ஏற்பாடு!

கால்களைத் தாமே கழுவிய கடைசி இங்கிலாந்து மன்னர், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட இரண்டாம் ஜேம்ஸ் என்பர். அதன்பின் கழுவுதல் மறைந்தது. நாணயம் வழங்குதல் நிலைத்தது. இன்றும் அச்சடங்கில் அறப்பணி அலுவலர் வெண்துண்டு அணிந்து நிற்கின்றனர். துண்டு இருக்கிறது; தண்ணீர் இல்லை.

இதற்கு நேர்மாறாக, அதே இடைக்காலத்தில் உண்மையான புண்களைத் தேடிச் சென்றவர்களும் இருந்தனர். எருசலேமில் மருத்துவத் தொண்டு புரிந்த துறவு வீரர் சபையினர், ஏழை நோயாளரையே தங்கள் தலைவராகக் கொண்டு தங்களை அவர்தம் ஏவலராகக் கருத வேண்டும் என்று நெறி வகுத்தனர். அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் 1226இல் மறையுமுன் தந்த இறுதிச் சாசனத்தில், தம் வாழ்வின் திருப்பத்தைத் தொழுநோயாளரிடமிருந்தே தொடங்கிச் சொல்கிறார். அவர்களைக் காண்பதே முன்பு தமக்குக் கசப்பாயிருந்தது என்றும், இறைவன் தம்மை அவர்களிடையே கொண்டு சென்றபின் அக்கசப்பு இனிப்பாக மாறியது என்றும் அவர் கூறுகிறார்.

தமிழகத் திருச்சபைக்கு ஒரு சோதனை

நற்செய்தி தமிழ் மண்ணில் வேரூன்றியபோது, பாதம் கழுவிய மரபு தன் கடுஞ்சோதனையைச் சந்தித்தது. அச்சோதனை சாதி. ஒரே ஆலயத்தில் தனித்தனி இருக்கை, திருவிருந்தில் முன்பின் வரிசை, கல்லறையில் தனியிடம் என்று பல சபைகளில் பிரிவினை நீடித்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதிப் பாகுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையை விட்டே விலகினர். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயம் இரு பிரிவினருக்கும் இரு கூடங்களாகவே கட்டப்பட்டு, நடுவே தடுப்புச் சுவரும் நின்றது. அச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. சுவர் இடிந்தும் வழக்குகள் ஓயவில்லை. சாதி, சபைகளில் இன்றும் முற்றிலும் மறைந்துவிட்டது என்று நெஞ்சறிந்து சொல்ல இயலாது.

இதனை எழுதுவது எவரையும் பழிக்க அன்று. பணிவு பற்றிய போதனையில் மறைந்திருக்கும் ஒரு பிழையைச் சுட்டவே எழுதினேன். நூற்றாண்டுகளாகக் குனிந்தே நின்றவனிடம் போய்ப் பணிவைப் போதிப்பது அறமாகாது. மேலறையில் குனிந்தவர் சீடரல்லர், போதகர். நிமிர்ந்து நிற்க வசதியுள்ளவன் குனிய வேண்டும். அவன் குனிவதன் பயனாக, முன்பு குனிந்திருந்தவன் நிமிர வேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்தாலன்றி அது கிறித்தவப் பணிவாகாது.

வேலூரில் வந்த நீர்ப்பாத்திரம்

அவ்விரண்டும் ஒருசேர நிகழ்ந்த ஓரிடத்தை நம் தமிழகத்திலேயே காட்ட முடியும். இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பேறுகால உதவி கேட்டு ஆடவர் வந்ததும், பெண் மருத்துவர் இன்மையால் அம்மூன்று தாயரும் மாண்டதும் அவர் வாழ்வைத் திருப்பின. அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று 1900இல் திரும்பி, வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். அது பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. ஊழியம் கொள்ள அன்று, ஊழியம் செய்யவே வந்தோம் என்னும் நற்செய்திக் கருத்தே அக்கல்லூரியின் குறிக்கோள்.

அக்கல்லூரிக்கு 1946இல் வந்து சேர்ந்தார் டாக்டர் பால் பிராண்டு. இவர் நமக்கு அயலவர் அல்லர். வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில், ஊழியம் செய்த ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914இல் பிறந்தவர். தந்தை ஜெஸ்ஸி பிராண்டு 1929இல் காய்ச்சலால் மலையிலேயே மறைந்தார். தாய் ஈவ்லின் ஓய்வு பெற்ற பின்னும் நாடு திரும்பாமல் மலைமக்களிடையே உழைத்து, 1974இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார். ஊன்றுகோல் இரண்டின் துணையோடு மலைவழி நடந்த அம்மூதாட்டி, தம் கடைசி ஆண்டுகளில் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் நினைவுகூர்ந்துள்ளார். தம்மைப் பார்க்க அவருக்கு நேரமில்லை போலும்!

பால் பிராண்டு மருத்துவம் படிக்குமுன் சில ஆண்டுகள் தச்சும் கொத்தும் கற்றவர். 1947இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் இராபர்ட் காக்ரேனைக் காணச் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிடித்துத் தம் கையை இறுக்கிப் பார்க்கச் சொன்னார். அப்பிடி வலிக்கும் அளவு வலுவாயிருந்தது. செத்த கை என்று உலகம் எண்ணிய கையில் உயிருள்ள தசைகள் இருந்தன. அந்த ஒரு கைகுலுக்கல் அவர் வாழ்வின் பணியை முடிவு செய்தது. நல்ல தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரலை நீட்டி மடக்கச் செய்யும் அறுவை மருத்துவத்தை அவரும் தோழரும் 1948 முதல் செய்தனர்.

அவர்கள் கண்ட உண்மை மற்றொன்றும் உண்டு. தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்வதில்லை. நரம்பு கெட்டு வலி தெரியாமற் போவதால், சூடும் வெட்டும் உராய்வும் உணரப்படாமல் புண்ணாகிக் கைகால்கள் தேய்கின்றன. உறங்கும்போது எலி கடித்தும் விரல் இழந்தவர்கள் இருந்தனர். இது கடவுளின் சாபமன்று, காக்கத்தக்க காயமே என்று தெளிந்த அன்று, பல நூற்றாண்டுகளின் இழிசொல் ஒன்று பொருளிழந்தது.

கையைச் சீர்செய்தால் போதுமா? கை நேரான ஒருவர் திரும்பி வந்து, பிச்சை எடுத்துப் பிழைத்த தமக்கு இப்போது கை நன்றாக இருப்பதால் வருவாய் குறைந்துவிட்டதென்று முறையிட்டார். மருத்துவர் சினந்திருக்கலாம், நன்றி கெட்டவன் என்றிருக்கலாம். அவர் கேட்டார், சிந்தித்தார். நோயாளர் தங்கித் தொழில் கற்கும் 'நவஜீவ நிலையம்' கல்லூரி வளாகத்தில் எழுந்தது. நமது உதவியில் உள்ள குறையை, உதவி பெற்றவர் வாயால் கேட்கப் பொறுப்பதும் பணிவின் ஒரு கூறே.

இனிக் காலுக்கு வருவோம். கையைவிடக் கால் கடினமான சிக்கலாயிருந்தது. வலி தெரியாத பாதத்தில் நடக்க நடக்க உள்ளங்காலில் புண் ஏற்பட்டு எலும்புவரை செல்லும். மாவுக்கட்டினால் பாதத்தை மூடிப் புண்ணாற்றும் முறையை இலங்கைத் தமிழ் அறுவை மருத்துவர் மில்ராய் பால் முன்பே கையாண்டிருந்தார். வேலூர்க் குழுவினரும் அம்முறையைப் பின்பற்றினர். ஆறிய புண் மீண்டும் வராமலிருக்க வேண்டுமாயின் தக்க செருப்பு வேண்டும். அதனால் அறுவை மருத்துவர் செருப்பு ஆராய்ச்சியில் இறங்கினார். நுண்ணறைகள் கொண்ட மென்மையான இரப்பரை அடியில் வைத்து, பாதத்தின் எடை ஓரிடத்தில் குவியாமல் பரவும்படி செருப்புகள் உருவாயின. காட்பாடிக்கு அண்மையில் 1955இல் அமைந்த கரிகிரித் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இப்பணியில் முன்னின்றது. செருப்புத் தொழிலும் அதைச் செய்பவரும் இழிவாக எண்ணப்பட்ட நாட்டில், மருத்துவரும் செருப்புத் தைப்பவரும் ஒரே காலை நோக்கிக் குனிந்தனர். 'எம்.சி.ஆர். செருப்பு' என்று இன்று கடைகளில் கேட்டு வாங்கும் சர்க்கரை நோயாளர் பலரும் அக்குனிதலின் பயனை அனுபவிப்பவரே. அவர்களது பாதத்திலும் உணர்வு குன்றுவதால் அதே காப்பு அவர்களுக்கும் தேவைப்படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழுநோயாளருக்குக் கற்பிக்கப்படும் அன்றாடப் பாதுகாப்பு முறை எளியது. நாள்தோறும் கால்களை நீரில் ஊறவைக்க வேண்டும். காய்ப்பைத் தேய்த்து நீக்க வேண்டும். எண்ணெய் பூச வேண்டும். காயம் உண்டா என்று உள்ளங்காலை உற்றுப் பார்க்க வேண்டும். மேலறையின் நீர்ப்பாத்திரம் இங்கே மீண்டும் வந்துவிட்டது. எலிசபெத் அரசியாரின் பாத்திரத்தில் நறுமலர் மிதந்தது, இங்கே வெறுந்தண்ணீர்தான். எது முதற்பாத்திரத்திற்கு நெருக்கமானது என்பதை அன்பர்களே முடிவு செய்க.

நவஜீவ நிலையத்து நோயாளர் கூட்டமொன்றில் பேச நேர்ந்தபோது, பிராண்டு இயேசுவின் கைகளைப் பற்றிப் பேசினார். தச்சனின் காய்ப்பேறிய கைகள், நோயாளியைத் தொட்ட கைகள், ஆணி அறைந்தபின் விரல் மடங்கியிருக்கக் கூடிய கைகள் என்று அவர் விரித்துரைத்தார். கேட்டிருந்தோர், அதுவரை ஆடைக்குள் மறைத்து வைத்த தம் ஊனக் கைகளை வெளியே எடுத்துக் குவித்து வணங்கினராம். குனிந்தவர் பேசினார், நிமிர்ந்தவர் கைகூப்பினர்.

சக்கர நாற்காலியிலிருந்து

பிராண்டின் மாணாக்கியருள் ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்தில் பிறந்த அவர், 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். மருத்துவ வாழ்வு முடிந்ததென்று எண்ணியிருந்தவரை, உட்கார்ந்தபடியே கை அறுவை செய்யலாமே என்று ஊக்கினார் பிராண்டு. அவ்வாறே சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்தார் மேரி. பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்தார். அவர் முயற்சியால் வேலூரில் 1966இல் மறுவாழ்வு நிலையம் தோன்றியது. இந்திய அரசு 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. தாம் பிறர் கையை நம்பி வாழ நேர்ந்தவரே பிறர் கையை இயங்கச் செய்தார். உதவி ஏற்கக் கூசிய பேதுருவுக்குச் சொல்லப்பட்ட பாடத்தை முழுமையாகக் கற்றவர் இவரே எனலாம்.

தொண்டின் வெற்றி சட்டத்திலும் ஒருநாள் ஏறுகிறது. 1981இல் உலக நல நிறுவனம் பன்மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே நோயைக் குறைத்துவிட்டதாக இந்தியா அறிவித்தது. நோயாளரைப் பிரித்தடைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டின் தொழுநோயர் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாக ஏற்ற விதிகள் 2019இல் நீக்கப்பட்டன. ஆயினும் புதிய நோயாளர் இன்றும் கண்டறியப்படுகின்றனர். அவர்களைக் கண்டு முகம் திருப்புவோரும் குறையவில்லை.

நிறைவுரை

2013ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று, புதிதாகப் பதவியேற்றிருந்த போப்பாண்டவர் பிரான்சிஸ், உரோம் நகரத்து இளைஞர் சிறை ஒன்றுக்குச் சென்று பன்னிருவரின் கால்களைக் கழுவினார். அவர்களுள் பெண்களும் இருந்தனர், இசுலாமியரும் இருந்தனர். 2016இல் பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று வழிபாட்டு விதியே திருத்தப்பட்டது. 2025இல் அவர் மறைந்தார். சடங்காகி உறைந்த செயலுக்கு மீண்டும் உயிர் வர வேண்டுமாயின், எதிர்பாராத ஒரு காலைத் தேடிச் சென்றால் போதும் என்பதை அவர் காட்டிச் சென்றார்.

வடக்கிலும் கிழக்கிலும் வாழும் நாம் ஒன்றைக் கண்டிருப்போம். வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் நோயாளரை அழைத்துக்கொண்டு, எக்ஸ்-ரே படங்களைப் பையில் மடியாமல் பிடித்தபடி, காட்பாடிக்குப் பயணச்சீட்டு வாங்கும் குடும்பங்கள் பல. வேலூர்த் தெருக்களில் வங்க எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. பிழைப்பைத் தேடி நாம் அவர்கள் ஊருக்கு வந்தோம். உயிரைத் தேடி அவர்கள் நம் ஊருக்குச் செல்கிறார்கள். நம்மை அண்டை வீட்டில் ஏற்றுக்கொண்டவர்களின் நோயாளிக்கு இரயில் நிலையத்தில் வழி சொல்வதும், மொழி தெரியாத அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தருவதும் நம்மால் இயலும் சிறு பணிகளே.

சங்கங்கள் நடத்துகிறோம், விழாக்கள் எடுக்கிறோம், மேடையில் தொண்டின் பெருமை பேசுகிறோம். விழா முடிந்தபின் நாற்காலிகளை அடுக்குபவர் யார், இலையெடுப்பவர் யார், பந்தியில் கடைசியாக உண்பவர் யார் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். எப்போதும் அதே சிலர்தாம் என்றால், நம்மிடையேயும் தண்ணீர் வற்றித் துண்டு மட்டும் எஞ்சியிருக்கிறது என்று பொருள். பணிவு இல்லாத பணி ஆதிக்கமாகும். பணி இல்லாத பணிவு வெறுஞ்சடங்காகும். இரண்டையும் ஒரு சொல்லில் இணைத்துத் தந்த மொழிக்கு உரியவர்கள், அவற்றை ஒரு வாழ்வில் இணைத்துக் காட்டக் கடமைப்பட்டவர்கள் அன்றோ!